முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

என் புருஷன் உயிரோடுதான் வெளியே வருவார். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகப்படவும் வழி கிடையாது, ஏனென்றால் அவர் பிழைத்ததற்காகப் போன ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் ஸ்தோத்திரம் செலுத்தியாகிவிட்டது. இன்று செவ்வாய். ஆபரேஷன் இப்போதுதான் நடக்கிறது, அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் இன்னொரு கதவு இருக்கும் போல, அங்கே. நான் இந்த இரும்பு நாற்காலியில் ஏசிக் குளிருக்குச் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூத்து எப்படி நடந்தது என்றால், டாக்டர் முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பீடத்துப் பூ எங்கள் முறை. எங்கள் கோயிலில் வாரத்துக்கு ஒரு குடும்பம் பூ வைக்கும், என்ன நன்மைக்காக வைக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாஸ்டர் ஐயா ஆராதனையில் அறிவிப்பார். நான் அந்த வாரமே போய்ச் சொல்லிவிட்டேன், இவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக என்று. ‘முடிவதற்காக’ என்று சொல்லியிருக்கலாம், வாயில் ‘முடிந்ததற்காக’ என்றுதான் வந்தது, நானும் திருத்தவில்லை. வியாழக்கிழமை பார்த்தால் இவருக்கு இருமல், காய்ச்சல். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சளி போகட்டும், செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த அலைச்சலில் பூவை யார் நினைத்தார்கள். ஞாயிறு காலையில் இவர் காய்ச்சல் விட்டுவிட்டது, கோயிலுக்கு வருகிறேன் என்று கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வழக்கமான பெஞ்சில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். பாஸ்டர் ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கிறார்: திரு. தேவதிரவியம் அவர்களுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்து முடிந்ததற்காக. சபை முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியது. பாஸ்டர் ஐயாவும் தலையைத் தூக்கிப் பார்த்தார், பார்த்தவர் வாயை மூட மறந்துவிட்டார். பின்னால் யாரோ உரக்க அல்லேலூயா என்றார்கள். இந்த மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்க வேண்டும். எழும்பி நின்று, சபைக்குக் கும்பிடு போட்டார். வெளியே வந்ததும் பெண்கள் அவர் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், வெட்டித் தைத்த மூன்றாம் நாளே நடந்து வந்துவிட்டாரே என்று. ஆட்டோவில் ஏறினதும் என்னைப் பார்த்து, “ஏளா ஹெப்சி, அப்ப நான் செவ்வாக்கிழம போவாண்டாம்லா? முடிஞ்சுட்டுன்னு ஐயாவே சொல்லியாச்சே” என்றார். சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது. இருமல் வரவர எனக்குப் பயம் வந்தது. பயம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் சொல்லி என்ன.

பக்கத்தில் இவருடைய அக்கா கனகபாய் மைனி. மடியில் காப்பிப் பிளாஸ்க், அதைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மைனிக்கு என்மேல் கோபம், காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து பெருமூச்சாக விட்டுக்கொண்டிருந்தது, கடைசியில் வாயைத் திறந்துவிட்டது. “எல்லாத்துலயும் முந்திரிக்கொட்ட. ஒரு காரியம் நடக்கதுக்கு முந்தி நடந்துட்டுன்னு சொன்னா அது நல்லாவா இருக்கு? ஆண்டவருக்கே நீ உத்தரவு போடுத மாதிரி இருக்கு.” நான் விடுவேனா. “மைனி, நமக்குத்தான் ஞாயிறு, செவ்வாய் எல்லாம். அவருக்கு அது ரெண்டும் ஒண்ணுதான். அவரு செவ்வாக்கிழமயப் பாத்துட்டாரு. பாத்தவருக்கிட்ட முந்திச் சொன்னா என்ன, பிந்திச் சொன்னா என்ன?” மைனி, “அவரு பாத்தது எதுன்னு ஒனக்குத் தெரியுமாளா?” என்றது. கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியிருக்க வேண்டும், பிளாஸ்க்கின் மூடியைத் திருக ஆரம்பித்தது. காப்பி வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். மைனி படித்தது கொஞ்சம், ஆனால் ஊசி எங்கே ஏறும் என்று தெரியும். அவர் பார்த்தது எது. அவர் பார்த்தது இவர் பிழைத்ததைத்தான். வேறு எதையும் அவர் பார்த்திருக்க நான் சம்மதிக்கமாட்டேன். இதே கேள்வியை ஞாயிற்றுப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். யூதாஸ் காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தும் ஆண்டவர் ஏன் டீச்சர் அவனைச் சேர்த்துக்கொண்டார், தெரிந்தும் விட்டால் அவர் செய்ததுபோலத்தானே என்று ஒரு வாயாடிப் பெண் கேட்டாள். நான் அசரவில்லை. எங்க வீட்டு சார் சாயந்தரம் நடக்கப் போறேன்னு சொல்லிட்டு முக்குக் கடையில வாழக்காய் பஜ்ஜி திம்பாரு, அது எனக்கு வீட்டில இருந்தே தெரியும், தெரிஞ்சதுனால நானா அந்த பஜ்ஜியச் சுட்டேன் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அறிவது வேறு, செய்வது வேறு. ஆண்டவர் நாம் செய்யப்போவதை அறிகிறார், நம் கையைப் பிடித்துச் செய்யவைக்கவில்லை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த பஜ்ஜியெல்லாம்தான் இப்போது இவருடைய இரத்தக்குழாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று டாக்டர் படம் காட்டி விளக்கினார். நான் சுடவில்லை, சரி. தெரிந்திருந்தது அல்லவா. தெரிந்தும் செருப்பை எடுத்துக் கொடுத்து, மெதுவாப் போயிட்டு வாங்க என்றுதானே சொன்னேன். போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். வரமாட்டார். வந்தாலும் நாளைக்குப் போவார். அந்தப் பெண் கேட்டதன் மறுபாதி இன்றைக்குத்தான் எனக்குக் கேட்கிறது. தெரிந்தவர், தடுக்க முடிந்தவர், தடுக்காதபோது என்ன சொல்வது? சொல்வதற்கு இருக்கிறது. எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். ஏசியைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

இவரிடம் கேட்டால் தண்ணீரைத்தான் சொல்வார். இவருக்கு எல்லாமே தண்ணீர். வேலை பார்த்த காலமெல்லாம் மலைமேல் அணையில், ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் அளவு பார்ப்பதும். “ஆத்தங்கரையில நிக்கவனுக்குத் தண்ணி இன்னும் வரல. அணமேல நிக்கவனுக்கு அது வந்தாச்சு. அவ்வளவுதான் ஹெப்சி வித்தியாசம். வாரதும் போனதும் அவனுக்கு ஒரே பார்வ” என்பார். எவ்வளவு நிதானமாகச் சொல்வார். எனக்கு அந்த நிதானத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். “பாத்துக்கிட்டே நிக்கதுக்கா அங்க ஆளப் போட்டிருக்கு? நான் கீழ நின்னு கத்துனா மேல நிக்கவரு ஷட்டரத் தூக்குவாரா மாட்டாரா, அதச் சொல்லுங்க” என்பேன். அவர் சிரிப்பார். “நீ கத்துவன்னு தெரிஞ்சுதான் எந்தச் சாவியப் போட்டு எப்பத் தூக்கணும்னு வச்சிருப்பாரு” என்பார். இது அவர் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்வது. அவராக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு முன் ஸ்தோத்திரம், படுக்கும்முன் ஸ்தோத்திரம், எழும்பினால் ஸ்தோத்திரம், வேண்டும் என்று ஒன்று கேட்க மாட்டார். நேற்றுச் சாயந்தரம் நெஞ்சை மழித்துவிட்டுப் போன பிறகு, கோழியை உரித்த மாதிரி ஆயிட்டேன் பாரு என்று காட்டினார். காட்டிவிட்டு, “நாளைக்கு நீ கேளு ஹெப்சி. நான் கேக்க மாட்டேன்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. அவர் ஒரே ஒரு தடவை கேட்டார், அணைமேல், வெள்ள நாளில், விட்டுவிட்டு இறங்க முடியாத ராத்திரி வேலையில் நின்றுகொண்டு கேட்டார், கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது, செய்திதான் மலைக்கு ஏறி வந்திருக்கவில்லை. முடிந்ததற்குப் போய் மழையில் நனைந்துகொண்டு ஜெபம் பண்ணினேனே என்று பிறகு ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அதை இப்போது நினைக்க வேண்டாம். அது வேறு ஆஸ்பத்திரி, வேறு நாள். இங்கே தரை பளபளவென்று இருக்கிறது, இந்த டாக்டர் பெரியவர், கை ராசிக்காரர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எதிர் வரிசையில் ஒரு பாய் உட்கார்ந்திருக்கிறார். மேலப்பாளையத்துக்காரர், பெயர் மைதீன் பிச்சை, தம்பிக்கு அடுத்த தியேட்டரில் ஆபரேஷன். காலையில் மைனி அவரிடம், “ஒங்க தம்பிக்குச் சீக்கிரம் முடிஞ்சிரும்லா?” என்று கேட்டதற்கு, “இன்ஷா அல்லா” என்றார். சாப்பிட்டுவிட்டு வருகிறீர்களா என்றால் இன்ஷா அல்லா. கீழே கடை திறந்திருக்குமா என்றால் இன்ஷா அல்லா. நடக்கப்போகிற எதையும் அவன் நாடினால் என்று சேர்க்காமல் அவர் சொல்வதில்லை. மைனி என்னைப் பார்த்தது, ‘பார், இதல்லவா மரியாதை’ என்பதுபோல. எனக்குச் சுருக்கென்றது. அவரிடமே கேட்டேன். “எல்லாம் முந்தியே எழுதி வச்சாச்சுன்னு நீங்க சொல்லுவியள்லா பாய். எழுதியாச்சுன்னா பெறவு எதுக்கு துஆ கேக்கிய?” வம்புக்குத்தான் கேட்டேன், வாதாடுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு யோசித்தார். “நான் இங்கன உக்காந்து கேக்கதும் சேத்துத்தானம்மா எழுதியிருக்கும்” என்றார். சொல்லிவிட்டு மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டு உதட்டை அசைக்க ஆரம்பித்தார். எனக்கு எழும்பிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. என் புருஷன் சாவி என்கிறார், பாய் எழுத்து என்கிறார், நான் ஞாயிறும் செவ்வாயும் ஒன்று என்கிறேன், மூன்று பேரும் ஒரே சுவரைத்தான் தடவிக்கொண்டிருக்கிறோம். சரி, கேட்பதற்கு நான் வெட்கப்பட வேண்டியதில்லை. என் கேள்வியும் கணக்கில் இருக்கிறது. கேட்கிறேன். ஆண்டவரே, அந்த டாக்டருடைய கையைப் பிடித்துக்கொள்ளும். அவருக்குத் தும்மல் வரக் கூடாது. நூல் அறக் கூடாது.

இருதயத்தை நிறுத்திவிடுவார்களாம். அதைத்தான் யாரும் எனக்கு முந்திச் சொல்லவில்லை, நேற்றுக் கையெழுத்து வாங்கும்போதுதான் அந்தச் சின்ன டாக்டர் சொன்னார், ஏதோ மோட்டாரை நிறுத்துவதுபோல. நிறுத்திவிட்டு இரத்தத்தை ஒரு மிஷின் வழியாக ஓடவிட்டு, தைத்து முடித்த பிறகு மறுபடி ஓட்டுவார்களாம். அந்த இடைப்பட்ட நேரத்தில் இவர் எங்கே இருப்பார்? தூக்கமா? தூக்கம் என்றால் நேரம் போனது தெரியும், விழித்தால் உடம்புக்குத் தெரியும் எவ்வளவு தூங்கினோம் என்று. மயக்க மருந்து அப்படி இல்லை, எனக்குத் தெரியும். மூக்கில் எதையோ வைத்து எண்ணச் சொன்னார்கள், எண்ண ஆரம்பித்தேன், அடுத்த எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தால் ஜன்னலில் வெளிச்சம், யாரோ என் கன்னத்தைத் தட்டுகிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்தான் அவள் பிறந்தாள், கொஞ்ச நேரம் இருந்தாள், போய்விட்டாள். நினைத்துவிட்டேன். இனி என்ன, நினைத்ததை முழுக்க நினைத்துவிடலாம். பொம்பளைப் பிள்ளை. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். நான் மயக்கத்தில், இவர் அணைமேல் வெள்ளத்தோடு, என் அம்மா மழையில் நின்ற பஸ்ஸில். ஆயாம்மா ஒருத்தி தூக்கி வைத்திருந்தாளாம், முகமெல்லாம் ஒங்களத்தான் உரிச்சி வச்சிருந்துது என்றாள். அழுததா என்று கேட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். ஒருவரும் அந்தப் பிள்ளைக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணவில்லை, பண்ண ஆள் இல்லை, பெற்றவளே உலகத்தில் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆண்டவருக்கு முந்தியே தெரியும் அம்மா, அவருடைய சித்தம் என்றார்கள். தெரியும் என்று சொல்லி என்னைத் தேற்றினார்கள்! தெரிந்திருந்தால் என்னை எழுப்பியிருக்கலாமே என்று கத்தினேன், ஊசி போட்டு மறுபடி தூங்கவைத்தார்கள். பிறகு பையன் பிறந்தான், வளர்ந்தான், தூரத்து ஊரில் வேலை, இன்று சாயந்தரம் வந்துவிடுவான், எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் நான் முட்டிபோட்டிருக்கிறேன். அவளுக்கு மட்டும் நான் ஒன்றும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது? மரித்தவர்களுக்காக நாம் ஜெபம் பண்ணுவதில்லை, நம் சபையில் அந்த வழக்கம் கிடையாது, அது முடிந்துபோன காரியம் என்று நானே அல்லவா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பாய்க்கு அழைப்பு வந்துவிட்டது, தம்பி நன்றாக இருக்கிறாராம், ஓடுகிறார், ஓடும்போதும் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்துகிறார். எங்களுக்கு ஏன் இன்னும் கூப்பிடவில்லை? மைனி என் கையைப் பிடித்துக்கொண்டது. மைனியின் கை ஐஸ்கட்டி. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். ஆண்டவரே, உத்தரவு போடவில்லை, மைனி சொல்வதுபோல உத்தரவு இல்லை இது, கெஞ்சுகிறேன். இவர் கேட்கமாட்டார், இவருக்கும் சேர்த்து நானே கேட்கிறேன். நிறுத்தினதை ஓட்டும். ஓட்டும். ஓட்டும். வேறு வார்த்தை வரவில்லை. பாட்டு வரவில்லை, வசனம் வரவில்லை, இத்தனை வருஷம் மனப்பாடம் பண்ணினது ஒன்று வரவில்லை. ஓட்டும்.

“தேவதிரவியம் கூட வந்தவங்க யாரு?” நர்ஸ் பிள்ளை, நெற்றியில் தொப்பிக் கோடு. எழும்பினேன், மைனியும் பிளாஸ்க்கோடு எழும்பியது. “இங்கயா இருக்கீங்க? அவரை ஐசியுவுக்குக் கொண்டு போயி ரொம்ப நேரமாச்சே. அந்தப் பக்க லிப்ட்ல போயாச்சு. நல்லா இருக்காரு. யாரும் வந்து சொல்லலியா?” யாரும் சொல்லவில்லை. நல்லா இருக்காரா என்று நான் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். “நல்லா இருக்காரும்மா. ஹார்ட் தானா ஓட ஆரம்பிச்சிட்டுன்னு டாக்டருக்கே சந்தோஷம். சாயந்தரம் ஒருத்தர் போயிப் பாக்கலாம்.” அவள் போய்விட்டாள். மைனி அப்படியே உட்கார்ந்து அழுதது, அழுதுகொண்டே பிளாஸ்க்கைத் திறந்து காப்பியை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டியது, பாதி தரையில் கொட்டியது. அழுகை அடங்கினதும் மைனிக்குப் புத்தி வந்துவிட்டது. “ஏளா, அப்ப நாம கண்ண மூடிக் கெஞ்சினமே, அப்ப எல்லாம் முடிஞ்சுல்லா போயிருக்கு. முடிஞ்சு போனதுக்கா இவ்வளவு நேரம் கெஞ்சினோம்?” நான் காப்பியை ஒரு மடக்குக் குடித்தேன். சர்க்கரை போடாத காப்பி, இவருக்காகப் பழகினது. “முடிஞ்சா என்ன மைனி? அவருக்கு அது முந்தியே கேட்டிருக்கும். இப்பக் கெஞ்சினதக் கேட்டுத்தான் அப்ப ஓட்டியிருப்பாரு” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, மைனியை மடக்குவதற்காக எப்போதும்போல் வாயில் வந்ததைச் சொன்னேன். மைனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒன் வாய்க்கு ஒருத்தரும் ஈடு கெடையாது” என்றது. சிரித்தது. நானும் சிரிக்கத்தான் போனேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் என்ன சொன்னேன்? இப்போது கேட்டது அப்போது கேட்டிருக்கும் என்றேன். சொன்னது உண்மைதானே, நான் பொய் சொல்கிறவள் கிடையாது, ஞாயிறும் செவ்வாயும் அவருக்கு ஒன்று என்று நான் நிஜமாகவே நம்புகிறேன். நம்பினால் அது மலைமேல் நனைந்துகொண்டு கேட்டவருக்கும்தானே. அவர் முடிந்ததற்குக் கேட்கவில்லை. அதை நான் அவரிடம் சொல்ல வேண்டும், கண்ணைத் திறந்ததும் சொல்ல வேண்டும். அப்படியென்றால் எனக்கும்தான். மரித்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லை. சரி. சபை சொல்வது சரி. நான் மரித்த பிள்ளைக்காகக் கேட்கப்போவதில்லை. அந்த மழை நாளில், அந்த வார்டில், ஆயாம்மா கையில், அவள் உயிரோடு இருக்கிறாள். கொஞ்ச நேரம் இருந்தாள் என்றுதானே சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குப் போய்விடவில்லை, அவர் கண்முன்தான் இருக்கிறது, இந்தத் தரையும் இந்தக் காப்பியும் இருப்பதுபோல. பிழைக்கவைத்தீரா என்று நான் கேட்கப்போவதில்லை, அந்தப் பதில் எனக்கு வந்துவிட்டது. வேறு கேட்கிறேன். மைனி, கொஞ்சம் பேசாம இருங்க என்றேன். மைனி என் முகத்தைப் பார்த்தது. நான் கண்ணை மூடினேன். ஆண்டவரே, ஒரு பிள்ளை உம் பக்கத்தில் இருக்கிறாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. ஈரமாக இருப்பாள், துடைத்திருக்கிறார்களோ என்னவோ, குளிரும் அவளுக்கு. அவளைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆயாம்மா கைக்கு அடியில் உம்முடைய கையை வையும். அழுதால் அழட்டும், யாருமில்லை என்று அழ வேண்டாம். அவளிடம் சொல்லும், அம்மா முழிச்சாச்சு.